உஷார்! பழைய மேக்கில் டிஸ்க் மாற்றப் போகிறீர்களா?

மேக் எஸ்இ/30 மாதிரி பழைய மெக்கின்டாஷில் வேறு ஹார்ட் டிஸ்க் பொருத்தப் போகிறவர்களே, கவரை மூடுவதற்கு முன் டெர்மினேட்டரைப் பாருங்கள்! அதைத் தவறவிட்டால் பறிபோவது உங்கள் ஃபைல்கள்.

மெஷின் பூட் ஆகிவிட்டதே என்று நம்பிவிடாதீர்கள். சின்ன ஃபைல் ஒழுங்காகப் போகும். பெரிய ஃபோல்டரை காப்பி செய்யும்போது பாதியில் தொங்கிவிடும். இன்னும் மோசம், தொங்காமலேயே தப்பும் தவறுமாக எழுதிவைத்துவிடும். கெட்டுப்போனது மறுபடி திறக்கும்போதுதான் தெரியும்.

டிஸ்க்கை மேக்கோடு இணைக்கும் ஸ்கஸி கேபிளின் முனை சும்மா இருந்தால் சிக்னல் அங்கே மோதித் திரும்பி, அடுத்த சிக்னலோடு கலக்கும். அதைத் தடுக்கத்தான் டெர்மினேட்டர்: ஒவ்வொரு சிக்னல் கம்பிக்கும் 5 வோல்ட் பக்கம் 220 ஓம், கிரவுண்ட் பக்கம் 330 ஓம்.

கூடுதலாக ஒன்று இருந்தால் நல்லதுதானே என்று நினைத்தால் அதுவும் ஆபத்து! ஒரு டெர்மினேட்டர் கம்பிக்கு ஏறத்தாழ 20 மில்லிஆம்பியர் சுமை ஏற்றுகிறது. ஸ்கஸி சிப்புக்கு விதிக்கப்பட்ட அளவு 48. இரண்டு வரை சமாளிக்கும். மூன்று என்றால் 60, அளவு மீறிவிடும்.

உடனே சரிபாருங்கள்:

• உள்ளே ஒரே டிஸ்க்கா? அதில் டெர்மினேட்டர் கட்டாயம். வெளியே எதுவும் மாட்டவில்லை என்றால் அந்த ஒன்றே போதும்.

• ஒரே ரிப்பன் கேபிளில் இரண்டு டிஸ்க்கா? கடைசியில் இருப்பதற்கு மட்டும் போடுங்கள். நடுவில் இருப்பதில் கழற்றிவிடுங்கள்.

• வெளியே பெட்டிகள் வரிசையாக இருந்தால் கடைசிப் பெட்டிக்கு மட்டும். செகண்ட் ஹேண்டில் வாங்கிய பெட்டியைத் திறந்து பாருங்கள்! உள்ளிருக்கும் டிஸ்க்கிலேயே ஒரு செட் ஒளிந்திருக்கலாம். மேக்கின் உள் டிஸ்க்கில் ஒன்று, கடைசிப் பெட்டியில் ஒன்று, அதற்கு மேல் வரும் அந்த மூன்றாவதுதான் வில்லன்.

• 50 பின் கனெக்டருக்குப் பக்கத்தில் ஒற்றை வரிசைக் கால்களோடு நிற்பவைதான் ரெசிஸ்டர் பேக்குகள். பெரும்பாலும் மூன்று இருக்கும். ஒரு ஓரத்தில் உள்ள புள்ளி முதல் காலைக் காட்டும். கழற்றுமுன் போட்டோ எடுங்கள். திருப்பிச் செருகினால் வேலை செய்யாது. சில டிஸ்க்குகளில் இதற்குப் பதில் ஜம்பர்தான்.

• மேக் பிளஸ் டெர்மினேட்டருக்குக் கரண்ட் கொடுக்காது. வெளிப்பெட்டிதான் கொடுக்க வேண்டும். மேக் IIஎஃப்எக்ஸுக்கு அதற்கென்றே உள்ள கறுப்பு டெர்மினேட்டர் வேண்டும்.

• ஒவ்வொரு சாதனத்துக்கும் உள்ள ஸ்கஸி ஐடி எண்ணுக்கும் டெர்மினேட்டருக்கும் சம்பந்தமில்லை. மேக்குக்கு 7, உள் டிஸ்க்குக்கு 0 என்று சரியாக வைத்தாலும் டெர்மினேட்டரைத் தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

எல்லாம் பவரை அணைத்த பிறகே! முனைகளில் மட்டும், இரண்டுக்கு மேல் இல்லை என்று எண்ணி உறுதி செய்யுங்கள். மெஷின் எழுந்ததும் பழைய டிஸ்க்கில் எதையும் எழுதாமல், இருப்பதை முதலில் வேறிடத்துக்கு காப்பி எடுத்துத் திறந்து பார்த்துவிடுங்கள்.