கடல் கடக்கும் கால்கள்

பதுளைத் தேயிலைத் தோட்டத்துச் சிறுவன் ஒருவன் அயல்நாட்டு உதைபந்தாட்டக் கழகத்தை எய்துவதற்குக் கால்வன்மை மட்டும் போதாது. முறையான பதிவும் வேண்டும். சர்வதேசச் சம்மேளனமாகிய பிபாவின் விதிப்படி, சில விலக்குகள் நீங்கலாக, 18 வயது நிரம்பாதவர் பிறநாட்டுக் கழகத்துக்கு மாற இயலாது. ஆகவே, 15 வயதுப் பிள்ளையை ஐரோப்பாவில் சேர்ப்பதாகக் கூறிப் பணம் கேட்பவரைப் பெற்றோர் நம்பலாகாது.

வீரர் ஒருவர் ஒப்பந்தக் காலத்துள் வேறுநாட்டுக் கழகத்துக்கு மாறும்பொழுது, அதற்கென வழங்கப்படும் தொகையில் 5 சதவீதம், 12 முதல் 23 வயது வரை அவரைப் பயிற்றிய கழகங்களுக்குரியது. பதிவேட்டில் இடம்பெறாத கழகத்துக்கோ அப்பங்கு கிட்டாது.

1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இழந்து, பல்லாண்டு அல்லலுற்ற மலையக மக்களுக்கு ஒரு தாளின் அருமையைச் சொல்லித் தெரிவிக்க வேண்டுவதில்லை. பிறப்புச் சான்றிதழ், கழகப் பதிவு, பள்ளிப்படிப்பு, பிறமொழியறிவு ஆகிய இவையும் பன்னிரண்டு வயதிலேயே பந்தோடு தொடங்கவேண்டிய பயிற்சிகளாம்.