நடுக்கத்தோடு மறதியும் வந்தால்

வயசுக் கோளாறு என்று விடாதீர்கள்

பார்க்கின்சன் நோய் என இன்று அழைக்கப்படும் நடுக்குவாதத்தைப் பற்றி 1817-இல் எழுதிய லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன், நோயாளியின் அறிவு கெடுவதில்லை என்றே கருதினார். அது சரியல்ல என்று இன்று தெரியும். நோய் வந்து பல ஆண்டு ஆனவர்களில் கணிசமானோருக்கு மறதியும் சேர்கிறது. சில்லறை எண்ணத் தடுமாறுவார்கள். இல்லாத ஆள் அறையில் நிற்பதாகச் சொல்வார்கள். "வயசாயிடுச்சு, அப்படித்தான்" என்று வீட்டார் விட்டுவிடுகிறார்கள்.

முதுகில் எடுக்கும் நீர்

மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றி ஏறத்தாழ 150 மில்லி நீர் இருக்கிறது. அதில் அமிலாய்டு பீட்டா 42 என்ற புரதம் குறைந்திருக்கும் பார்க்கின்சன் நோயாளிகளுக்குப் பிற்பாடு மறதி வேகமாகக் கூடும் வாய்ப்பு அதிகம் என்று பல ஆய்வுகள் காட்டியுள்ளன. புரதம் மூளைக்குள்ளேயே படிந்துவிடுவதால் நீரில் அதன் அளவு இறங்குகிறது. ஆல்ஃபா சினூக்ளின் என்ற இன்னொரு புரதத்தின் பிறழ்ந்த வடிவத்தையும் இதே நீரில் இப்போது கண்டறிகிறார்கள். அது நோயை உறுதிப்படுத்த உதவும்; மறதி வருமா என்பதை அதை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது.

இந்த நீரை எடுக்க முதுகில் ஊசி போட்டால் கால் விழுந்துவிடும் என்ற பயம் நம்மிடம் அதிகம். தண்டுவடம் முடியும் இடத்துக்குக் கீழேதான் ஊசி இறங்குகிறது. சிலருக்குச் சில நாள் தலைவலி இருக்கும். ஆனால் பார்க்கின்சன் மறதியைப் பொறுத்தவரை இது இன்னும் பெரும்பாலும் ஆய்வுக்கான சோதனைதான். முடிவைப் பார்த்து நோயின் போக்கை மாற்றும் மருந்து கையில் இல்லை. இதற்காகக் கடன் வாங்க வேண்டாம் என்பேன்.

கும்மிடிப்பூண்டியில் சொல்ல வேண்டியது

சிப்காட் தொழிற்பேட்டை வட்டாரத்தில் உருக்காலையிலும் வெல்டிங்கிலும் காலம் கழித்தவர்கள் உண்டு. மாங்கனீசுப் புகையை ஆண்டுக்கணக்கில் சுவாசித்தாலும் பார்க்கின்சன் போலவே உடல் இறுகும், நடை மாறும், நினைவும் மங்கும். பார்க்கின்சனுக்குத் தரும் லெவோடோபா மாத்திரைக்கு அவ்வளவாகக் கேட்காது. ஆகவே என்ன வேலை, எத்தனை வருடம் என்பதை மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

முதலில் மாத்திரைப் பை

நடுக்கத்துக்குத் தரும் ட்ரைஹெக்ஸிஃபெனிடில் மாத்திரையே வயதானவர்களின் நினைவைக் குழப்பும். பி12 குறைவு, தைராய்டு, மனச்சோர்வு, சிறுநீர்த் தொற்று ஆகியவையும் அப்படித்தான். இவை சரிசெய்யக் கூடியவை. ஆனால் எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, மின்சார ரயிலில் சென்ட்ரலில் இறங்கி எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையின் நரம்பியல் பிரிவுக்கோ போகும்போது எல்லா மாத்திரை அட்டைகளையும் எடுத்துச் செல்லுங்கள். வீட்டில் கூடவே இருந்து கவனிப்பவரும் உடன் போக வேண்டும். மறதி எப்போது தொடங்கியது என்பது அவருக்குத்தான் தெரியும். இவ்வளவும் பார்த்த பிறகும் மறதி தொடர்ந்தால், ரிவாஸ்டிக்மின் என்ற மருந்து ஓரளவு கைகொடுக்கும்.