மிளகுத் தண்ணீரும் ‘மல்’ துரைமார்களும்

சென்னையிலிருந்து விழுப்புரம் மார்க்கமாக ரயிலில் செல்கிறவர்கள், மேல்மருவத்தூரைத் தாண்டியதும் ‘அச்சரப்பாக்கம்’ என்னும் ஊரைக் காண்பார்கள். அட்சரங்களுக்கும் இந்த ஊருக்கும் ஏதோ சம்பந்தம் இருக்கிறது போலும் என்று சிலர் நினைப்பதுண்டு. இங்கே உபாத்தியாயராக இருக்கும் நமக்கு அது பெருமையாகத்தான் இருக்கும். ஆனால் ஸ்தல புராணம் வேறு கதை சொல்கிறது. திரிபுரத்தை எரிக்கப் புறப்பட்ட சிவபெருமான், விநாயகரை வணங்காமல் தேர் ஏறினாராம். தேரின் அச்சு இவ்விடத்தில் இற்றுப் போயிற்றாம். ஆகவே இது அச்சு இறு பாக்கம். அதாவது, ஞானசம்பந்தர் பாடிய அச்சிறுபாக்கம். சுவாமியின் தேரச்சு முறிந்தது ஒரே ஒரு தடவை. ஊரின் பெயரை நாமோ தினந்தோறும் முறித்து வருகிறோம்!

இப்படி வாய்க்கு வாய் தேய்ந்து உருமாறிய இன்னொரு சொல்லைப் பற்றியே இன்று சொல்ல வந்தோம். அது கடல் கடந்து போய், ஆங்கிலேயரின் குழூஉக்குறியாக மாறி, கடைசியில் நம் வகுப்பறையில் வந்து நம்மைத் தலைகுனிய வைத்தது.

ஒரு நாள் ஒன்பதாம் வகுப்பில் ஆங்கிலக் கதை ஒன்று நடத்திக் கொண்டிருந்தோம். கதையில் வரும் கனவான் ஒருவர் ஹோட்டலில் ‘மல்லிகடானி’ சூப் கொண்டுவரச் சொல்கிறார். “இதற்கு அர்த்தம் என்ன?” என்று கேட்டோம். கடைசிப் பெஞ்சியிலிருந்து ஒரு பையன் எழுந்து, “எங்க பாட்டி வைக்கிற மிளகுத் தண்ணியா, சார்?” என்றான். வகுப்பு முழுவதும் கொல்லென்று சிரித்தது. ரசம் என்று சொல்லத் தெரியாத பட்டிக்காடு என்று பக்கத்துப் பையன் பரிகாசம் செய்தான். உண்மையை மறைப்பானேன்? நாமும் சிரித்துவிட்டோம். பையன் முகம் சுண்டிப் போய் உட்கார்ந்தான்.

அன்று இரவு மனம் கேட்கவில்லை. யூல், பர்னல் என்னும் இரு வெள்ளைக்காரர்கள் தொகுத்து, 1886-ல் வெளியான ‘ஹாப்ஸன்-ஜாப்ஸன்’ அகராதியைப் புரட்டினோம். இந்தியாவில் வாழ்ந்த வெள்ளைக்காரர்களின் பேச்சில் புகுந்த சொற்களின் களஞ்சியம் அது. அதன் பெயரே ஒரு கொச்சைச் சொல்தான். மொகரம் பண்டிகையில் எழும் “யா ஹஸன்! யா ஹுஸைன்!” என்ற கோஷம் வெள்ளைக்காரச் சிப்பாய்களின் காதில் அப்படி விழுந்ததாம்!

பையன் சொன்னது முற்றும் சரி. மிளகுத் தண்ணீர்தான் மல்லிகடானி ஆயிற்று. ‘டானி’ என்றால் ஆங்கிலத்தில் பழுப்பு நிறம். தெரியாத சொல்லில் தெரிந்த சொல் ஒன்றைக் கேட்டுக் கொள்வது எல்லாக் காதுகளுக்கும் உள்ள சுபாவம். அச்சரப்பாக்கத்தில் அட்சரத்தைக் கேட்கிறோமே, அதைப் போலத்தான்.

அதே அகராதியில் இன்னொரு வேடிக்கையும் அகப்பட்டது. மல்லிகடானியைச் சுருக்கி ‘மல்’ என்றார்கள். மல்யுத்தத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சென்னை ராஜதானியில் உத்தியோகம் பார்த்த துரைமார்களுக்கு மற்ற ராஜதானித் துரைமார்கள் வைத்த பட்டப் பெயர் அது. வங்காளத்துத் துரைக்கு ‘கோயி ஹை’ என்று பெயர். “யாரடா அங்கே?” என்று வேலைக்காரனை ஓயாமல் கூப்பிடுகிறவர் என்பது பொருள். பம்பாய்த் துரைக்கு ‘டக்’ என்று பெயர். வாத்து என்று அர்த்தமானாலும், இது ‘பம்பாய் வாத்து’ என்று அவர்கள் அழைத்த கருவாட்டிலிருந்து வந்தது. சென்னைக்கு ‘இருளில் மூழ்கிய ராஜதானி’ என்று இன்னொரு கேலிப் பெயரும் உண்டு. அகராதி தொகுத்த பர்னலோ சென்னை சிவில் சர்வீஸைச் சேர்ந்தவர். தஞ்சாவூரில் ஜட்ஜாக இருந்தவர். அதாவது, அவரே ஒரு ‘மல்’! அகராதி வெளிவருவதற்கு நாலு வருஷம் முன்பே, 1882-ல், அவர் காலமாகிவிட்டார்.

மல்லிகடானி என்ற சொல்லுக்கு அகராதி காட்டும் பழைய மேற்கோள் 1784-ஆம் வருஷத்தியது. மைசூர் யுத்தத்தில் பிடிபட்டுப் பெங்களூர்ச் சிறையில் கிடந்த ஓர் ஆங்கிலேயர் பாடிய பாட்டு அது. மிளகுத் தண்ணீரும் கஞ்சியுமே ஆகாரம் என்று அதில் தம் விதியை நொந்து கொள்கிறார். கைதியின் புலம்பலாக இருந்த பண்டம் பிறகு துரைமார்களின் விருந்துக்கு வந்தது. அவர்கள் சாப்பாட்டில் சூப் இல்லாமல் ஆகாது. நம் நாட்டுச் சமையற்காரனுக்குத் தெரிந்ததோ ரசம். அதில் மாமிசத்தைப் போட்டுக் கெட்டிப்படுத்தியதும் சூப் ஆகிவிட்டது. 1861-ல் லண்டனில் வெளியான பீட்டன் அம்மையாரின் புத்தகத்தில், முயல் அல்லது கோழி, பன்றி இறைச்சித் துண்டு, பாதாம் பருப்பு எல்லாம் சேர்த்து இதைச் செய்யச் சொல்லியிருக்கிறது. மிளகுக்கு இத்தனை பரிவாரம்! தண்ணீரைத்தான் தேட வேண்டும்.

1947-ல் துரைமார்கள் போனார்கள். ‘மல்’ என்ற பட்டம் அகராதியோடு நின்றுவிட்டது. ஆனால் மல்லிகடானி போகவில்லை. இங்கிலாந்தில் இன்றும் டப்பாக்களில் அடைத்து விற்கிறார்கள். நம் ஆங்கிலோ-இந்தியர் வீடுகளிலும் ரசத்துக்கு ‘பெப்பர் வாட்டர்’ என்றே பெயர். நாமோ நம் சொந்தச் சொல்லை நாகரிகமற்றது என்று ஒதுக்கினோம். அதைச் சிதைத்த அந்நியன் சிதைந்த உருவிலாவது வைத்துக் கொண்டான். முழு உருவில் காப்பாற்றி வந்தவர்கள் அந்தப் பாட்டியைப் போன்றவர்கள். அவர்களைப் பார்த்துத்தான் நாம் சிரித்தோம்.

மறுநாள் அகராதியை வகுப்புக்கு எடுத்துச் சென்று, அந்தப் பையனையே உரக்கப் படிக்கச் சொன்னோம். “நேற்று நீ சொன்னதுதான் சரி. நாங்கள் சிரித்தது தப்பு” என்றோம். சிரித்த பையன்கள் வாயைத் திறக்கவில்லை. நியாயம் செய்துவிட்டோம் என்ற திருப்தியோடு வீடு திரும்பினோம்.

அதற்கு அடுத்த நாள் பையனைக் கூப்பிட்டு, “பாட்டியிடம் சொன்னாயா? என்ன சொன்னாள்?” என்று கேட்டோம்.

பையன் சற்றுத் தயங்கினான்.

“சொன்னேன், சார். ‘நான் தினம் வைக்கிற மிளகுத் தண்ணிக்கு வெள்ளைக்காரன் சாட்சி சொன்னாத்தான் உங்க வாத்தியார் நம்புவாரா?’ன்னு கேட்டாங்க, சார்.”

இதற்குப் பதில் எந்த அகராதியிலும் அகப்படவில்லை.