கண்ணில் மின்னல் வெட்டினால் பெரட்டுக்குப் போகாதீர்!

"கண்ணாடி போட்டா நல்லாத்தானே தெரியுது, அப்புறம் கண்ணுக்கு என்ன குறை?" சோடாப்புட்டிக் கண்ணாடி போட்ட தோழர்கள் பலர் நம்மிடம் இப்படித்தான் கேட்கிறார்கள். பார்வை தெரிவது வேறு. கண் பத்திரமாக இருப்பது வேறு.

கண் முன்பின்னாக நீண்டுபோவதால் வருவது கிட்டப்பார்வை. சாதாரணக் கண்ணின் நீளம் ஏறக்குறைய 24 மில்லிமீட்டர். கண்ணாடிக் கடையில் 'பவர் 600' அல்லது அதற்கு மேல் என்றால், அது கடுமையான கிட்டப்பார்வை. அத்தகைய கண் பெரும்பாலும் 26 மில்லிமீட்டரைத் தாண்டியிருக்கும். ஊத ஊத பலூன் மெலிவதுபோல், உள்ளே பின்புறம் ஒட்டியிருக்கும் விழித்திரை இழுபட்டு மெலிகிறது. அதில் கிழிசல் விழுந்து, கண்ணுக்குள் உள்ள நீர் புகுந்தால், நனைந்த சுவரொட்டி பெயர்வதுபோல் திரை பெயர்ந்துவிடும்.

இது வலிக்காது. அதுதான் ஆபத்து! ஓரத்தில் மின்னல் வெட்டும்; திடீரென்று கரும்புள்ளிகள் கொசுக்கூட்டம்போல் பறக்கும்; ஒரு பக்கம் திரை இறங்கியதுபோல் இருட்டும். செம்பனைக் குலை அறுக்கிறவர், "தூசு விழுந்திருக்கும்" என்று சொட்டு மருந்து விட்டுக்கொண்டு மறுநாளும் வேலைக்குப் போகிறார். ஒரு நாள் சம்பளம் கிடைக்கும், கண் போய்விடும்.

கிழிசலாக இருக்கும்போதே போனால், லேசர் ஒளியால் சுற்றிலும் ஒட்டவைத்துவிடலாம். திரை பெயர்ந்துவிட்டால் அறுவை சிகிச்சைதான். கண்ணுக்குள் வாயு நிரப்பினால், டாக்டர் சொன்னபடி தலையை வைத்திருக்க வேண்டும். வாயு கரையும்வரை விமானம் ஏறக்கூடாது. நேர்க்கோடு வளைந்து தெரிந்தாலும் தாமதம் வேண்டாம். அதற்கு ஊசி மருந்து உண்டு. 'லேசிக்' செய்துகொண்டவர்களும் ஏமாறக்கூடாது. கண்ணாடி போகும்; கண்ணின் நீளம் குறையாது.

"லீவு கெடைக்குமா?" என்பார்கள். தீபகற்ப மலேசியாவில் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, சம்பளத்தோடு கூடிய நோய் விடுப்பு ஆண்டுக்கு உண்டு. இரண்டு ஆண்டுக்குக் குறைந்த சேவைக்கு 14 நாள், ஐந்து ஆண்டுக்குக் குறைந்தால் 18, அதற்கு மேல் 22. மருத்துவமனையில் தங்க வேண்டி வந்தால் 60 நாள். 2023 முதல் அது தனிக்கணக்கு. டாக்டரின் எம்.சி. வாங்கி, 48 மணி நேரத்துக்குள் நிர்வாகத்துக்குத் தகவல் சொல்லிவிடுங்கள். கிராணி மறுத்தால் தொழிற்சங்கத்துக்குச் சொல்லுங்கள்; பேசுவது நம் பொறுப்பு.

தடித்த கண்ணாடி போட்டவர்கள் ஆண்டுக்கொரு முறை மருந்து விட்டு கண்ணின் உட்புறத்தைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். மின்னல் தெரிந்தால் அன்றைக்கே அரசாங்க மருத்துவமனைக்குப் போங்கள். இழந்த நாளைச் சங்கம் கேட்டு வாங்கலாம். இழந்த கண்ணை யாரிடம் கேட்பது?