பெட்டிக்குள் கிடக்கும் சரித்திரம்

பெங்களூர்க் காக்ஸ் டவுனில் நாம் அறிந்த தமிழ்க் குடும்பங்களின் பழைய தகரப் பெட்டிகளைத் திறந்தால், செல்லாத காசுகளிடையே ஓர் ஓட்டைக் காலணாவேனும் அகப்படும். 1943 முதல் 1947 வரை வெளிவந்த அக்காசின் நடுவிலுள்ள துளை அழகுக்காக இடப்பட்டதன்று; போர்க்கால நெருக்கடியில் உலோகத்தை மிச்சம் பிடிக்கவே இடப்பட்டது.

உலோகத்தின் அளவு காலத்தைக் காட்டுவது புதிதன்று. இந்நகரைச் சேர்ந்த யஷ்வந்தபுரத்தில் 1891ஆம் ஆண்டு 163 உரோமானிய வெள்ளிக் காசுகள் ஒருசேரக் கிடைத்தன. அவை அகஸ்டஸ், திபேரியஸ், கிளாடியஸ் ஆகிய பேரரசர் காலத்தவை. நம் கரூர், கோயம்புத்தூர்ப் பகுதிகளிலும் இத்தகைய காசுகள் மிகுதியாக அகப்பட்டுள்ளன. மிளகுக்கும் மணிகளுக்கும் விலையாக வந்த வெள்ளி அது. கி.பி. 64இல் நீரோ மன்னன் காசில் வெள்ளியைக் குறைத்தான். அதற்குப் பிற்பட்ட உரோமானிய வெள்ளிக் காசுகள் தென்னாட்டில் அரிதாகவே கிடைக்கின்றன. நம் வணிகர் உரைத்துப் பார்த்தே வாங்கினர் போலும்!

காசுகள் கிடைத்த இடமும், உடன் கிடைத்தவையும் தெரிந்ததனாலன்றோ இவற்றை நாம் அறிய முடிகிறது? உலைக்குப் போன புதையல்கள் எத்தனையோ! ஆகவே, வீடு கட்டத் தோண்டுமிடத்தில் பழங்காசு அகப்பட்டால், அதனைப் புளியிட்டுத் துலக்க வேண்டா, விற்கவும் வேண்டா; இடத்தையும் ஆழத்தையும் குறித்துக்கொண்டு அரசு அதிகாரிகளுக்கு உடனே தெரிவியுங்கள்.