லண்டன் போன டாக்டர்களுக்கு விழுந்த ‘விசா’ அடி!

ஆனைக்குட்டம்: விருதுநகரில் 2022-ல் அரசு மருத்துவக் கல்லூரி வந்தாச்சு. இனி இந்தப் பக்கத்துப் பிள்ளை டாக்டரானால், “அடுத்து லண்டனா?” என்று டீக்கடையில் கேட்காமல் விடுவார்களா? லண்டன் போனவர்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல!

இங்கே எம்.பி.பி.எஸ். முடித்து, ‘பிளாப்’ பரீட்சை பாசானவர்கள், வேலை பெர்மிட் இல்லாமலே பிரிட்டன் ஆஸ்பத்திரிகளில் மேல்பயிற்சி பெற்று வந்தார்கள். 2006 ஏப்ரலில் அந்தச் சலுகைக்கு ‘கட்’! உள்நாட்டு, ஐரோப்பிய டாக்டர் கிடைக்காவிட்டால்தான் வெளியாளுக்கு இடம். கடன் வாங்கிக் கப்பலேறிய கதையாகிவிட்டது பிழைப்பு.

உயர்திறன் விசா வைத்திருந்தவர்களையும் இதே வரிசையில் தள்ளியது சுகாதாரத் துறை சுற்றறிக்கை. விடுவார்களா? அங்குள்ள இந்திய வம்சாவளி டாக்டர்கள் சங்கமான ‘பாப்பியோ’ கோர்ட் படி ஏறியது. பிரபுக்கள் சபை நீதிபதிகள் 5 பேரில் 4 பேர், “சுற்றறிக்கை செல்லாது” என்றார்கள். தீர்ப்பு தேதி 2008 ஏப்ரல் 30. அதற்குள் பலர் மூட்டை கட்டி ஊர் வந்து சேர்ந்துவிட்டார்கள்.