நந்தனாரும் கிந்தனாரும்

நாகர்கோவில் மணிமேடைப் பக்கம் போகிறவர்கள் கலைவாணர் சிலையைப் பார்க்காமல் போக முடியாது. ஒழுகினசேரியில் 1908இல் பிறந்த என். எஸ். கிருஷ்ணன்தான் அவர். சிரிக்க வைத்தவர் என்று சொல்லி நிறுத்திவிடுகிறோம். சினிமாவுக்குள்ளேயே உட்கார்ந்து சினிமாவை விமர்சித்தவர் என்றும் சொல்ல வேண்டும்.

தீண்டாமையால் கோயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட சிவபக்தர் நந்தனாரின் கதை அப்போது பெரிய திரைப்படச் சரக்கு. 1935இல் கே. பி. சுந்தராம்பாள் நந்தனாராக வந்தார். 1942இல் தண்டபாணி தேசிகர். 1949இல் அண்ணா கதை எழுதிய ‘நல்லதம்பி’ வந்தது. அதில் கலைவாணர் காலட்சேபக்காரராக நின்று, உடுமலை நாராயணகவி எழுதிய ‘கிந்தனார்’ கதையைச் சொல்கிறார். மெட்டும் பாவனையும் அச்சு அசல் பாகவதர்தான். கதைதான் வேறு! நந்தன் சாமி பார்க்கச் சிதம்பரம் போக ஏங்கினார். கிந்தனோ படிப்புக்காக ரயிலேறிப் பட்டணம் போகிறான். திரும்பி வரும்போது அவன் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர்.

நந்தனைத் தீக்குள் இறக்கிய கதைக்கு இதைவிடக் கூர்மையான மறுப்பு அன்றைய வெள்ளித்திரையில் வந்ததாகத் தோன்றவில்லை. அதுவும் கொட்டகை குலுங்கச் சிரித்தபடி.